உதட்டால் கதைத்த றமீஸா

புவியியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி திறந்தது. ஜனாஸா எனும் மரண அறிவித்தலில் எங்கள் பக்கம் பெண்பிள்ளையின் பெயரைச் சொல்வதில்லை. தகப்பனைச் சொல்லி, அவருடைய மகள் என்பார்கள். தச்சுவேலை சலீம் அவர்களின் மூத்த மகள் வபாத்தானார் என்று கேட்டது. ரீச்சர் சோக்கட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பே என்னைப் பார்த்தது. றமீஸாவின் கூட்டாளி நான்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

அவளை அறிந்த உங்களுக்கு அவளுடைய குரலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குர்ஆன் ஓதும் கிறாஅத் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் அவள் முதலாமிடம், நான் இரண்டாமிடம். நான் புத்தகங்களைப் புரட்டி எழுதிப் பாடமாக்குவேன். அவள் வரும் வழியில் யோசித்துவிட்டு மேடை ஏறுவாள். ஒருமுறை பரிசை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, "ரெண்டாவதா வாறத்துக்கும் கெட்டித்தனம் வேணும் நஸீஹா. எனக்கு அது ஏலாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

சென்ற வருடம் அவளுடைய கால்களில் தொடங்கிய சோர்வு மேலேறி மூச்சைப் பிடித்தது. நரம்பு வருத்தம், மெல்ல மாறிவிடும், அதுவரை மெசின்தான் மூச்சுவிட வேண்டும் என்று வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விடுமுறைக் காலம். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும் என்பதால் றமீஸாவின் உம்மா என்னையும் கூட்டிப் போனார். அவர் எனக்கு மாமி முறை.

வாய்வழியாகப் போட்ட குழாய் நெடுநாள் இருந்தால் உள்ளே புண்ணாகும், கழுத்தின் முன்பக்கம் சிறு துளையிட்டு அதன் வழியாகக் குழாய் வைப்போம் என்றார் டொக்டர். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"ஓதுற தொண்டையிலயா?" என்று மாமி கேட்டார்.

"பொறகு மூடிருமாம் மாமி. குரல் வருமாம்."

"வராட்டி? அவள்ர மாமா ஓம் எண்டு செல்லாம நான் கையெழுத்து வெக்க மாட்டன் புள்ள."

எங்கள் குடும்பங்களில் பெண்பிள்ளையின் காரியத்துக்குத் தாய்மாமன் சொல் வேண்டும். அந்த மாமா சவூதியில் இருந்தார். ரெலிபோன் கடையிலிருந்து அழைத்தால் யோசிக்கிறேன் என்பார். அடுத்த முறை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்பார். கிழமைகள் போயின. குழாய் உராய்ந்து றமீஸாவின் வாயோரம் புண்ணாகியது. குழாய் வாயை அடைத்திருக்க, அவளால் இமைகளால் மட்டும்தான் பதில் சொல்ல முடிந்தது. கடைசியில் மாமா ஓம் என்றார்.

துளையிட்டதும் வாய் விடுபட்டது. காற்று குரல்வளைக்குப் போகாததால் சத்தம் இல்லை, ஆனால் உதடுகள் கதைத்தன. மாமிக்கு அது பிடிபடவில்லை. தாதிமாருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு விளங்கியது. அவள் முதலாவதாகச் சொன்னது: "உன்ட பல்லுல கீர இரிக்கு, தொடை."

அதன் பிறகு எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். "என்ன செல்றாள்? என்ன செல்றாள்?" நான் அவசரப்படாமல் பதில் சொல்வேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்த குரல் என் ஒருத்தியின் வழியாக மட்டும் வெளியே போனது. அவள் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று துஆக் கேட்டேன். ஆனால் மிகவும் சீக்கிரமாக அல்ல.

பலம் திரும்பியது. குழாயை எடுத்தார்கள், துளை மூடியது. சற்றுக் கரகரத்த குரலோடு வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்து குர்ஆனின் ஒரு சூறாவை ஓதினாள். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. எனக்கு வாசற்படியில்தான் இடம் கிடைத்தது.

சில மாதங்களில் மாடிப்படி ஏறினால் அவளுடைய மூச்சு சத்தமிடத் தொடங்கியது. முட்டு, அதாவது ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். என் தம்பிக்கு முட்டு இருக்கிறது. அவனுக்கு மூச்சை வெளியே விடும்போதுதான் விசிலடிக்கும். இவளுக்கு உள்ளே எடுக்கும்போது சத்தம் வந்தது. அதைச் சொன்னேன்.

"இனி டொக்டர் வேலையிலயும் என்னை முந்தப் போறியா?" என்று கேட்டாள். இடையில் இரண்டு முறை மூச்செடுத்துத்தான் அதைக் கேட்டு முடித்தாள்.

மாமியிடமும் சொன்னேன். மாமி அவளை வேறொரு டொக்டரிடம் காட்டினார். குழாய் இருந்த இடம் உள்ளே சுருங்கிவிட்டதுபோல இருக்கிறது, தாமதிக்காமல் கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார் அவர். "மாமா வாற மாசம் வாறார், அவரோட போவம்" என்றார் மாமி. மூச்சு மாமாவுக்காகக் காத்திருக்கவில்லை.

ஜனாஸா வீட்டுக்கு அந்த டொக்டரும் வந்திருந்தார். "முந்தியே கழுத்துல போட்டிருந்தா இது வந்திராதா டொக்டர்?" என்று மாமி கேட்டார். "வராம இருந்திருக்கும் எண்டு என்னாலயும் சத்தியம் பண்ண ஏலாம்மா" என்றார். அந்தத் தாமதத்துக்கு இந்த ஆறுதலாவது உண்டு. கொழும்புக்குப் போகாமல் பொறுத்திருந்த தாமதத்தைப் பற்றி மாமி கேட்கவில்லை. டொக்டரும் சொல்லவில்லை.

அவள் ஓதிய கசெற் பலருடைய வீட்டில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருங்கள், அந்தக் குரல் உங்களுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், "இத உம்மாக்குச் செல்லாத" என்று தொடங்கி அவள் உதட்டால் சொன்னவை சில உண்டு. மாமி நேற்றும் கேட்டார். நான் சொல்லவில்லை. அவற்றை நான் ஒருத்தி மட்டும் வைத்திருக்கிறேன்.