வௌவால் வாங்கும் புரொபசர்

சனிக்கிழமை காலையில் புக்கிட் பாத்தோக்கிலிருந்து தேக்கா சந்தைக்கு ரயிலில் போகும்போது நான் பாதித் தூக்கத்தில்தான் இருப்பேன். அன்று மழை வேறு. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடி வீடுகள் கரைந்து கரைந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன. கைபேசியில் பல்கலைக்கழகம் அனுப்பிய கருத்தாய்வு திறந்திருந்தது: உங்கள் பொருளாதார நிலையை நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?

‘மிகவும் திருப்தி’ என்பதை அழுத்தினேன். பெயர் கேட்காத படிவத்தில் மக்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று வகுப்பில் புள்ளியியல் நடத்துகிறவன் நான். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று கடிதம் வந்து பத்து நாளாகியிருந்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

சந்தையில் ஐஸிலிருந்து எழுந்த வெண்புகைக்குள் மீன்கடை பாய் மிதந்துகொண்டிருந்தார். ஆறு வருடங்களுக்கு முன் என்ன வேலை என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் போய் நின்றாலே வெள்ளை வௌவால் மீன் தராசில் ஏறிவிடும். விலை கேட்க எனக்குக் கூச்சம். புரொபசர் என்றால் வௌவால் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நானும் அந்த முடிவுக்குள் சொகுசாகக் குடியிருந்தேன்.

“வாங்க புரொபசர். இன்னிக்கு வௌவால் நல்லாருக்கு லா.”

ஓரத்தில் மலிவான செலார் மீன் குவிந்து கிடந்தது. “அதுல ஒரு கிலோ போடுங்க பாய்” என்றேன்.

அவர் கை நின்றது. “டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாரா? கொலஸ்ட்ராலா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். வேலை போனதைவிட வியாதி வந்தது கௌரவமாகத் தோன்றியது. பாவம், இஞ்சியும் பூண்டும் நிறையச் சேர்க்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மனைவி பையைப் பிரித்தாள். செலாரைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“கான்ட்ராக்ட் ரினியூ பண்ணலையா?”

“பண்ணல.”

மழை விட்டிருந்தது. அவள் மீனைக் கழுவி, மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தாள்.

“பாத்துக்கலாம் விடுங்க. எனக்குச் செலார்தான் ரொம்பப் பிடிக்கும். வாங்கிட்டு வாங்கன்னு ஆறு வருஷமா சொல்ல நினைப்பேன். வௌவாலோட வர்றப்போ உங்க மூஞ்சியப் பாத்தா மனசு வராது.”