குஷாய்குடா சந்து மறுபடி இரைந்தது

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த ஜலஜா, நாற்பது வயதில் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, ஹைதராபாத்தின் ஓரத்தில் பட்டறைகள் நிறைந்த குஷாய்குடாவில் ஒரு சந்துக்குள் சொந்தமாக ஷெட் போட்டார். இரும்புத் தகட்டை மடிக்கும் மெஷின், வெல்டிங் செட், நாலைந்து ஆட்கள். மின்சாரப் பெட்டிகள் செய்து கொடுப்பதுதான் தொழில்.

அந்தச் சந்தில் யாரும் யாருக்கும் உடனே காசு கொடுத்ததில்லை. தகட்டுக் கடைக்காரர் சக்ரபாணி தகட்டைக் கடனுக்குத் தருவார். ஆம்பூரிலிருந்து வந்து பவுடர் கோட்டிங் ஷெட் நடத்தும் நஸ்ரின், மடித்த பெட்டிகளுக்குக் கடனுக்கு வண்ணம் ஏற்றித் தருவாள். வாங்கிய கம்பெனி ஒரு மாதம் கழித்துப் பணம் அனுப்பும். அவரவர் பங்கு அவரவருக்குப் போகும். நடுவில் முடை வந்தால், பில்லைக் காட்டி நிதி நிறுவனங்களில் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கோ ஒரு பெரிய நிதி நிறுவனம், வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் கவிழ்ந்தது. குஷாய்குடாவில் ஒருவரும் அதன் வாசலை மிதித்தவரில்லை. ஆனாலும் பயம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தது. மற்ற நிறுவனங்கள் பில்லுக்கு முன்பணம் தருவதை நிறுத்தின. கம்பெனிகள் தர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டன. சக்ரபாணி, “கையில காசு, அப்புறம்தான் தகடு” என்றார். வண்ணத்தைச் சுட்டு இறுக்கும் நஸ்ரினின் ஓவன் அணைந்தது. ஜலஜா ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். வெல்டர் சரத் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான்.

வங்கிக்குப் போனால், “ஆர்டரைக் காட்டுங்க, கடன் தர்றோம்” என்றார்கள். கம்பெனிக்குப் போனால், “பேங்க் உங்களை நம்பிக் கடன் குடுக்குதா? குடுத்தா ஆர்டர் தர்றோம்” என்றார்கள்.

நகரின் மறுகோடியில், மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது, சர்வர்களை வைக்க இரும்பு அலமாரிகள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் ஜலஜா அன்றே கிளம்பினார். அங்கே கொள்முதல் பிரிவில் இருந்த பிரசன்னா கோயம்புத்தூர்க்காரர்.

“மேடம், முன்னாடியே சொல்லிர்றேனுங்க. அட்வான்ஸ் குடுத்து ஏமாந்துட்டோம். இனி அட்வான்ஸ் கிடையாதுங்க.”

“அட்வான்ஸ் நக்கோ சார்.”

“என்னங்க?”

“வேணாம்கறேன்” என்று சிரித்தார் ஜலஜா. “என் கையில ஒரு பைசா முன்னால தராதீங்க. சரக்கு வந்து நீங்க சரி பார்த்த அன்னிக்கே, தகட்டுக்காரர் பங்கை அவர் கணக்குல போடுங்க. வண்ணம் ஏத்தினவ பங்கை அவ கணக்குல போடுங்க. மிச்சம் எனக்கு. இதை மட்டும் ஆர்டர்ல எழுதிக் குடுங்க. முதல்ல பத்தே பத்து அலமாரி. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க.”

“அன்னிக்கேவாங்க?”

“ஹவ், ஆமா, அன்னிக்கே! ஒரு மாசம் கழிச்சுத்தான்னா நான் கைக்கு, எதுக்கு இவ்வளவு தூரம் வரப்போறேன்?”

பிரசன்னா உள்ளே போனார். போனவர் திரும்புவதாகக் காணோம். ஜலஜா எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பிரசன்னா கையெழுத்தான ஆர்டரோடு வந்தபோது, ஜலஜா நன்றி சொல்லக்கூட மறந்து அதை வாங்கிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி ஓடினார்.

சக்ரபாணி ஆர்டரை இரண்டு முறை படித்தார். “உன்னை நம்பாம இல்லைம்மா. உனக்குத் தர வேண்டியவன் தருவானாங்கறதுதான் பயம்.”

“அதான் அண்ணா, அவங்க உங்களுக்கே தர்றாங்க.”

சக்ரபாணி திரும்பித் தன் கிடங்கைப் பார்த்தார். விற்காத தகடுகளில் துருப்புள்ளிகள் விழ ஆரம்பித்திருந்தன. “டிராலி வண்டியைக் கூப்பிடு, தகட்டை ஏத்திக்க” என்றார்.

மறுநாள் காலை ஜலஜா மெஷினை ஓடவிட்டார். முதல் தகடு ‘தடக்’கென்று மடிந்த சத்தத்துக்கே பக்கத்து ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். சரத் ஆட்டோவைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். ஓவன் சூடேறியதும் நஸ்ரின், “அக்கா! எரியுது அக்கா!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். தீப்பிடித்துக்கொண்டதோ என்று நாலு பேர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்கள்.

அலமாரிகள் மாதாப்பூர் போயின. பிரசன்னா ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார். ஒன்றில் மட்டும் கீல் இடித்தது. ஜலஜா அங்கேயே தரையில் உட்கார்ந்து சரிசெய்தார். “சரிங்க மேடம்” என்றார் பிரசன்னா.

திரும்பும் வழியில் போன் அடித்தது. சக்ரபாணி. “வந்துடுச்சும்மா! நிஜமாவே வந்துடுச்சு!” அடுத்த அழைப்பு நஸ்ரினுடையது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தனக்கு வந்ததா என்று பார்க்கவே ஜலஜாவுக்குத் தோன்றவில்லை.

முழு ஆர்டரும் அந்த வாரமே வந்தது. சக்ரபாணி வந்த பணத்தில் புதுச் சரக்கு எடுத்து, எதிர் ஷெட்டுக்கு ஒரு வாரத் தவணையில் கொடுத்தார். அந்த வாரம் தவறாமல் பணம் வரவே, அடுத்தவருக்கு இரண்டு வாரம். நஸ்ரின் நின்றுபோன ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டாள். சந்து முனை டீக்கடையில் மறுபடி வரிசை. முன்பு கைவிரித்த வங்கி மேலாளர் ஒருநாள் தானே பைக்கில் வந்து, “மேடம், ஏதாவது தேவைப்படுதா?” என்று விசாரித்தார். எல்லாரும் மீண்டுவிடவில்லை. கடைசி ஷெட்டில் லேத் வைத்திருந்தவர் மெஷினை எடைக்கு விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார். அவரை நினைத்தால் ஜலஜாவுக்கு இன்றைக்கும் மனம் கனக்கும்.

போன மாதம் அக்ஷதா என்ற பெண் ஷெட்டுக்கு வந்தாள். பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டிகள் செய்ய ஆரம்பித்திருக்கிறாளாம். தகடு இருக்கிறது, மடித்துத் தர வேண்டும். காசு அடுத்த மாதம்தான் வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஜலஜா அவள் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்த மூலையில அளவு தப்பா இருக்கு. மாத்திக்க” என்றார். “தகடு வண்டியிலதானே இருக்கு? இறக்கச் சொல்லு.”