அழுகை நின்ற வீடு

"பிள்ளை பெறாத நீங்கள் எங்களுக்குப் பிள்ளை வளக்கப் படிப்பிக்க வந்திட்டியளோ, மிஸி?"

நான் முரசுமோட்டைக்குக் குடும்பநல மாதுவாக வந்த புதிதில் கைக்குழந்தையோடு வந்திருந்த கவிதா என்ற பெண்ணின் மாமியார் கிளினிக்கில் கேட்டது இது. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். ஒரு சிரிப்புக்காக வாயை மூடுவதாக இல்லை. அழும் குழந்தையைக் குலுக்கினால் தலைக்குள் இரத்தம் கசியும் என்றேன்.

"அப்ப ஏணையில ஆட்டவும் கூடாதோ?"

"மெதுவா ஆட்டலாம் அம்மா. மாங்கொப்பை உலுப்பிற மாதிரி உலுப்பக் கூடாது."

கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள். தகப்பன்மார் வெளியே மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்றார்கள்.

சில கிழமைகளுக்குப் பின் வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது கவிதாவின் குழந்தை துவண்டு கிடந்தது. பால் குடிக்கவில்லை, சத்தி எடுத்தது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. உச்சிக்குழி மட்டும் புடைத்திருந்தது. கண்ணூறு என்று மாமியார் நூல் கட்டியிருந்தார். ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு, கவிதாவின் கணவர் ரூபனைக் கேட்டேன்.

"என்ன நடந்தது, அண்ணை?"

"கட்டிலால விழுந்தது, மிஸி."

"இது உருளத் தெரியாத பிள்ளை. உண்மை தெரியாட்டி டொக்டர் எதையெண்டு பாக்கிறது?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நேற்றுப் பின்னேரம் இவ குளிக்கப் போனவ. பிள்ளை அழுகையை நிப்பாட்டேல்லை. பிடிச்சு உலுப்பினனான். அழுகை நிண்டிட்டுது. நித்திரையெண்டு நினைச்சன்."

முதல்நாள் இரவு அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ரூபன் தன் வாயாலேயே சொன்னார். பொலிசுக்கும் அறிவித்தார்கள். பிள்ளை பிழைத்தது. பார்வை இல்லை, வலிப்பு வருகிறது.

"நீங்கள் சொன்னதை நான் இவருக்குச் சொல்லியிருக்கலாம்தானே, மிஸி?" என்று கவிதா கேட்டாள்.

"அது உங்கட வேலையில்லை, என்ர வேலை, தங்கச்சி."

அவள் நம்பவில்லை.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளே, தாய்க்குச் சொன்னது தகப்பன் காதுக்குப் போகும் என்று இருந்துவிடாதீர்கள். தகப்பன்மாரைக் கிளினிக்கிற்குள் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது என்று பேசும் கமக்காரர் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவார்கள். போன கூட்டத்தில் தலைவரிடம் நேரம் கேட்டேன்.

"வாய்க்கால் கதைக்கிற இடத்தில பிள்ளை அழுற கதையோ?"

"ஓம், ஐயா."

எழுந்து நின்றேன்.

"பிள்ளை அழுகையை நிப்பாட்டாட்டி, பாயில மல்லாக்கக் கிடத்திப்போட்டு முற்றத்துக்கு வாங்கோ. கோவம் ஆறினாப் பிறகு உள்ள போங்கோ. அழுறதால பிள்ளை சாகாது. உலுப்பினால் சாகும்" என்று தொடங்கினேன்.