மூலைக் கண்ணாடி

எங்கள் குடோனில் அந்த அக்காவுக்குப் பெயரே ஏனக்கா. பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அவர் வாய்க்கு டேப் ஒட்ட இன்னும் ஆள் பிறக்கவில்லை. நான் ஓட்டுகிற, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கு ஏன் பின்சக்கரம் திரும்புகிறது, ஹார்ன் ஏன் இப்படி அழுகிறது என்று என் உயிரை எடுப்பார். "உனக்கே தெரியாதா? அப்புறம் எப்படித் தம்பி ஓட்டுறே?" என்று சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் காலில்தான் என் வண்டி ஏறித் தொலைத்தது. சரக்கு ரேக் மூலையில் நான் திரும்ப, அவர் தண்ணீர் குடித்துவிட்டு எதிரே வந்தார். பாதத்தில் எலும்பு முறிவு. "பாத்துட்டுத்தான் சார் திரும்பினேன், யாருமே இல்ல" என்று சூப்பர்வைசரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மனுஷன் நம்பினால்தானே! விசாரணை என்றார். விசாரணை முடிந்தால் வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை நாளன்று ஏனக்கா கட்டுப்போட்ட காலோடு, ஊன்றுகோலில் நேராக என்னிடம் வந்தார். ஒரு வசவு இல்லை.

"நிஜமாவே பாத்தியா? எதுல பாத்தே?"

"அதோ, மூலைல மேல மாட்டியிருக்கே, அந்த வட்டக் கண்ணாடிலதான்க்கா. மூலைக்கு அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னு அதுலதானே தெரியும்."

அக்காவின் முகம் செத்துப்போனது. "அது எதுக்கு இருக்குன்னு ஒருநாளும் உன்னைக் கேக்கலையேடா, பாவி நான்!"

இருவரும் நேராக ஆபீசுக்குப் போனோம்.

"சார், அவன்மேல தப்பில்ல. அன்னிக்குக் காலைல துடைப்பக் கட்டையால அந்த மூலைக் கண்ணாடியத் திருப்பினது நான்தான். எங்க மேசைலேர்ந்து உங்க ரூம் கதவு தெரியிற மாதிரி."

சூப்பர்வைசர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏன்?"

அந்தக் குடோனில் ஏனக்காவைப் பார்த்து ஒருவர் 'ஏன்' என்று கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

"பொழுதன்னைக்கும் நின்னு காலு வீங்குது சார். நீங்க வர்றது தெரிஞ்சா, அதுவரைக்கும் ஒரு பெட்டிமேல உக்காந்துக்கலாம்ல? எங்களுக்கு ஏன் சார் நாற்காலி இல்ல?"

அவர் மேசையிலிருந்த விசாரணைத் தாளை மடித்து வைத்தார். பிறகு என்னிடம், "நீ போய் வண்டிய எடு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றிருந்த அக்காவுக்குப் பின்னால், அந்த அறையிலிருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனேன்.