கப்பல் போன பின் பட்ட கறை

என் கணவர் நாகப்பட்டினத்தில் சிங்கப்பூர்க் கப்பல் ஏறிய மறு வாரம் எனக்குக் கறை பட்டது. அது நோன்பு மாதம். மாதவிலக்கு வந்தால் நோன்பும் தொழுகையும் கிடையாது, விட்டுவிட்டேன். கூத்தாநல்லூரில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். எவள் நோன்பை விட்டாள் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வழக்கத்தைவிடக் குறைவாக, பழுப்பாகப் பட்டு நின்றுபோனது. அவர் போன கவலைதான் என்று நினைத்து, குளித்துவிட்டு மறுபடி நோன்பு பிடித்தேன்.

பெருநாள் முடிந்த பின் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. மீன் ஆணம் கொதித்தால் குடல் வாய்க்கு வந்தது. மார்பு கனத்து வலித்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். அடுத்த மாதவிலக்கு வரவேயில்லை. பித்தமா, பிள்ளையா? பிள்ளை என்றால், அவர் போன பிறகுதானே விலக்காகிக் குளித்தேன்? வேறோர் ஆண்பிள்ளையை ஏறிட்டும் பார்க்காத என் மீது எனக்கே சந்தேகம் வந்தது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மாமியார் கேட்டே விட்டார்.

"மவன் போன பொறவுதானே நோன்ப விட்டே? அப்புறம் இது எப்படிடி?"

"எனக்கே தெரியல மாமி. சத்தியமா தெரியல."

தெரியாது என்றதே தப்பாகிவிட்டது. என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டுப் பெண்களிடையே பேச்சு எழுந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து தாலுகா ஆபீசே கதியென்று கிடந்த மாமனாரின் காதுக்கு எட்டுவதற்குள் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார் மாமியார். வயல் கூலித் தகராறில் சாலை மறியல், பஸ் ஓடவில்லை. திரை கட்டிய மாட்டு வண்டியில் திருவாரூர் போனோம். வண்டியில் மாமியார் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா சோதித்தார், விவரம் கேட்டார், சிரித்தார்.

"அது மாதவிலக்கே இல்லம்மா. கரு கர்ப்பப்பையில ஒட்டிக்கிற சமயத்துல சிலருக்குக் கொஞ்சம் ரத்தம் கசியும். உங்க புள்ள கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இது தரிச்சிருக்கு."

திரும்பும் வழியில் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"தப்பா நெனச்சுட்டேன்டி. மன்னிச்சுக்க."

நான் சத்தியம் செய்தும் நம்பாதவர், டாக்டர் சொன்னதும் நம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். அதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, குமட்டல் தாங்கவில்லை. திரையை விலக்கி வெளியே குனிந்தவள், கீழே விழுந்துவிடாமல் இருக்க மாமியாரின் கையைத்தான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.