தைத்தவள் உடை

உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசிகள். அவற்றைக் கீழே விடாமலே பேசுகிறார் ஊசியம்மா. "மூச்ச உள்ள இழு கண்ணு. ம், அவ்ளோதான். இப்ப விடு." ஏழு வயதுச் சிறுமியைச் சுற்றி நீல நிற ராணி உடை இறுகுகிறது. முன்பக்கம் ஜரிகையும் முத்தும் பட்டு மடிப்புமாக மின்னுகிறது. பின்பக்கம் ஒன்றுமே கிடையாது, நான்கு நாடாக்கள்தான். படம் எடுப்பது முன்னாலிருந்து என்பதால் இந்த அரண்மனைப் பூங்காவின் ராணிகள் எல்லோருக்கும் முதுகு திறந்தே கிடக்கும்.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் உடைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கிரீடத்துக்குத் தனி, செங்கோலுக்குத் தனி, அரியணையில் உட்காரத் தனி. உட்கார்ந்த படத்தைக் கையில் வாங்க வேண்டுமா, அதற்கும் தனி. தாகம் எடுத்தால் 'அரச நீர்' என்று சீட்டு ஒட்டிய பாட்டில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே பெட்டிக்கடையில் விற்கிற அதே தண்ணீர்தான், நாலு மடங்கு விலை. அப்பாக்கள் பர்ஸைத் திறந்தும் மூடியும் தவிப்பது திரைக்கு இந்தப் பக்கமே ஊசியம்மாவுக்குக் கேட்டுவிடும். "கிரீடத்த விட்டுடுங்க சார், தலைவலிதான் மிச்சம்" என்பார், யாரும் கேட்காமலே.

நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. 'வருக இளவரசியே! உங்கள் கனவு இங்கே நனவாகிறது.' உடை மாற்ற வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. பதினெட்டு வருஷத்தில் ஊசியம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மேலாளர் எட்டிப் பார்த்தால் வாயிலிருக்கும் குண்டூசிகளைக் காட்டிக் கையை விரிப்பார். மேலாளர் தலை மறைந்ததும் குண்டூசிகளோடு பேச்சு அமோகமாக நடக்கும்.

வார விடுமுறையன்று இரண்டு பஸ் மாறி அருங்காட்சியகத்துக்குப் போவது அவர் வழக்கம். பார்ப்பது ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நிஜமான ராணி ஒருத்தி உடுத்திய உடை, சாயம் வெளுத்துக் கிடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சப்பென்று ஆகிவிட்டதாம். "இத்தனூண்டு! பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குத்தான் பத்தும். அப்புறம்தான் அக்குளப் பாத்தேன்." அக்குளில் வேர்வைக் கறை. கறை அரித்த இடத்தில் ஒட்டுப் போட்டு, ஒட்டும் நைந்த இடத்தில் மறுபடி இழையோட்டியிருந்தார்கள். இடுப்பில் பிரித்து அகலமாக்கிய தடங்கள்.

"மூணு தடவ பிரிச்சுத் தைச்சிருக்கா. மூணு பிள்ள சொமந்திருக்கு அந்தப் பொண்ணு. கீழ ராணி பேரு, ராஜா பேரு, சண்ட நடந்த வருஷம், எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. தைச்சவ பேரு எங்க?" இதைக் கேட்கும்போது ஊசியம்மாவுக்கு இன்றும் கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அந்தக் கோபத்தில் தைத்ததுதான், ராணி உடைகள் மாட்டும் கம்பியின் கடைசியில் தொங்கும் பழுப்பு உடை. கழித்துப் போட்ட திரைச்சீலைத் துணி. அளவெடுக்க வேறு ஆள் இல்லாததால் தன் அளவுக்கே தைத்தார். முதுகு உண்டு, இரண்டு பைகள் உண்டு, அக்குளில் ஒட்டும் உண்டு. 'தைத்தவள் உடை. விலை இல்லை' என்று எழுதிக் குத்தி வைத்தார். இதை யார் சீண்டப்போகிறார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஓரத்தை மடித்துக் குத்திவிட்டால் அதில் ஓடலாம், குனியலாம், பைக்குள் கூழாங்கல் போட்டுக்கொள்ளலாம். போன மாதம் பிள்ளைகள் அதற்கு வரிசை கட்டி நின்றார்கள். ராணிகள் கம்பியில் காற்று வாங்கினார்கள்.

விடுவார்களா? ராணிக்குப் பதினாலு வயதில் கல்யாணம் என்று ஊசியம்மா சொல்லித் தன் மகளை அழவைத்துவிட்டதாக ஒரு தாய் புகார் எழுதினாள். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம்தான் பாக்கி. "ரெண்டு வருஷம் வாய வெச்சிக்கிட்டு சும்மா இரும்மா!" என்று ஊசியம்மாவின் மகள் கெஞ்சினாள். "வாயில ஊசிய வெச்சிக்கிட்டு சும்மாத்தானேடி இருக்கேன்" என்றார் அம்மா. கடிதத்தை நான்காக மடித்துத் தையல் பெட்டியின் அடியில் போட்டிருக்கிறார். நூல் எடுக்கும்போதெல்லாம் அது விரலில் படுகிறது.

இன்று காலை மேலாளர் கையில் ஒரு விலைச்சீட்டோடு வந்தார். மகள் வயதுதான் இருக்கும் அந்த ஆளுக்கு.

"அம்மா, ஒண்ணு இத அந்த டிரஸ்ல மாட்டுங்க. இல்ல, அதத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"தம்பி, அந்த ராணிக்குத் தைச்சவளுக்கு அன்னைக்கே ஒழுங்கா கூலி குடுத்திருக்க மாட்டாங்க. இன்னைக்கு அவள வெச்சு நீங்க வசூல் பண்ணணுமா?"

"ரூல்ஸ்மா. கம்பில தொங்குற எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கணும். இன்னொரு லெட்டர் எழுத வெச்சிடாதீங்க."

"கம்பில தொங்குறதுக்குத்தானே?"

ஊசியம்மா பழுப்பு உடையைக் கம்பியிலிருந்து இறக்கினார். பூங்காவின் சீருடைக்கு மேலேயே தலைவழியாகப் போட்டுக்கொண்டு, இடுப்பு நாடாவை இழுத்தார். பயம்தான், இல்லாமல் இருக்குமா? இருந்தாலும் முடிச்சை இறுக்கிப் போட்டார். தையல் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கடிதத்தை எடுத்து உடையின் பைக்குள் செருகினார். பிறகு நான்கு குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதடுகளுக்கு நடுவே வைத்தார். விலைச்சீட்டை நீட்டியபடி மேலாளர் அப்படியே நிற்க, திரையை ஒதுக்கி, வெளியே காத்திருந்த சிறுமியை உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினார்.