நான்கு ஆணி அடித்த சாக்கு

ராஜமாணிக்கத்தின் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஓர் உரச்சாக்கு தொங்கியது. காயப் போட்ட மாதிரி இல்லை. நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. தில்லைநாதனுக்கு அது உறுத்தியது. கதவிலும் புதுப் பூட்டு. நேற்று வரப்பில் நின்ற ராஜமாணிக்கம் இவரைக் கண்டதும் வேறு பக்கம் நடந்ததும் நினைவுக்கு வந்தது.

தில்லைநாதன் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் மெக்கானிக். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. ஆனால் எந்தக் கொட்டகையில் வேலை செய்தாலும், அடுத்து வருகிறவன் தடவக் கூடாதென்று, செய்த வேலையைத் தேதியோடு சுவரில் எழுதிவிட்டுத்தான் புறப்படுவார். தங்கை இளவரசி சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்பதைக் கடைக்கு வருகிற ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

மண்ணுக்குள் போகும் எரிவாயுக் குழாயின் மேல்பூச்சு கிழிந்தால் அங்கே துருப்பிடிக்கும். கிழிந்த இடத்தைத் தோண்டாமலே காட்டும் கருவி ஒன்றை இளவரசி செய்திருந்தாள். கிள்ளைக்குப் பக்கத்திலுள்ள இந்த வயலில், கொட்டகையை ஒட்டி, அது மூன்று முறை கத்தியது. அங்கே சிவப்புக் கொடி நட்டாள்.

எரிவாயுக் கம்பெனி என்ஜினியர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தோண்டிக் காட்டாவிட்டால் கருவி தவறு என்று எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு. தோண்ட ராஜமாணிக்கம் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ மாட்டேன் என்கிறார்.

ஏன்? குழாயில் ஏதாவது கை வைத்திருக்கிறாரோ?

"மாமா, நெல்லு அறுத்து பத்து நாளாச்சு. தோண்டுனா ஒனக்கு என்ன போவுது?"

"மண்ணு கெட்டுடும் மாப்ள."

"போன வருசம் இதே மண்ண நாலு லோடு வித்தியே, அப்ப கெடலியா?"

"ஒனக்கு வாயி ஜாஸ்தியாயிடுச்சி. தங்கச்சி படிச்சா நீயும் ஆபீசரா?"

"சாக்குக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சொவுரு."

"சொவுத்துக்கு எதுக்கு சாக்கு? குளுருதா?"

ராஜமாணிக்கம் தடுப்பதற்குள் தில்லைநாதன் கீழிரண்டு ஆணிகளையும் பிடுங்கிச் சாக்கைத் தூக்கினார். கறுப்புப் பெயின்ட்டில், கோணாத எழுத்தில் எழுதியிருந்தது:

எர்த் ராடு. 14.6.2023. ஆழம் ஏழடி. நான்கடியில் கல் தட்டியது. சம்மட்டியால் அடித்து, சரித்து இறக்கியது. தி.நா.

அவருடைய கையெழுத்து.

மோட்டாரில் கசியும் கரண்ட் மண்ணில் இறங்குவதற்காக அவரே அடித்த இரும்புக் கம்பி. அதன் தலை சுவரோரம் தெரிந்தது. கொடி அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்றது.

இந்த வண்டல் மண்ணில் கல் ஏது? தட்டியது குழாய். எல்லாவற்றையும் அளந்து எழுதியவர், அதை மட்டும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "கொழாய்க்கு நட்ட அடையாளக் கல்லு வெள்ளத்துல போயிடுச்சி. ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தோண்டுனா யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க. ஒம் பேரை என் வாயால சொல்லணுமா? அவ பேசாம வேற எடத்துல போயி காட்டட்டும்."

தில்லைநாதன் போனை எடுத்தார்.

"பாப்பா, ஒன் மிஷினு சரியாத்தான் சொல்லுது. என்ஜினியரைக் கூட்டிக்கிட்டு வா. மாமா கையெழுத்து போடுவாரு."

"எப்படிண்ணே ஒத்துக்கிட்டாரு?"

"வந்து படிச்சிக்க. சொவுத்துல எழுதியிருக்கு."

மேலிரண்டு ஆணிகளையும் பிடுங்கினார். சாக்கை மடித்து ராஜமாணிக்கத்தின் கையில் கொடுத்தார்.